கிராங்க் புல்லி கழட்ட எந்த புல்லர் வாங்கணும்? கடைக்கு போறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது எல்லாம்

நாலு வருசத்துக்கு முன்னாடி மதுரை ஒத்தக்கடையில வீட்டு வாசல்லயே வச்சு என் பழைய கார்ல கிராங்க் ஆயில் சீல் (இஞ்சினுக்குள்ள சுத்துற கிராங்க் தண்டு வெளிய வர்ற எடத்துல ஆயில் ஒழுகாம தடுக்கற வளையம்) மாத்திரலாம்னு உக்காந்தேன். பெல்ட்ட கழட்டியாச்சு, நடு போல்ட்டையும் எப்படியோ கழட்டியாச்சு, கிராங்க் முனையில இருக்கற பெல்ட் சக்கரம், அதான் புல்லி, அது மட்டும் அசையல. பக்கத்து தெரு பம்புசெட் மெக்கானிக்கிட்ட பேரிங் கழட்டுற மூணு கால் புல்லர் (இறுகுன சாமான பிடிச்சு ஸ்க்ரூவால இழுத்து கழட்டுற கருவி) இருந்துச்சு, அத வாங்கியாந்து புல்லியோட வெளி விளிம்புல மூணு காலையும் மாட்டி திருகுனேன், திருக திருக நல்லா வருது, ஆகா நம்ம கைராசின்னு நெனச்சேன். டப்புனு ஒரு சத்தம். வெளி வளையம் மட்டும் கையில இருக்கு, நடு ஹப்பு கிராங்க்லயே கிண்ணுனு உக்காந்திருக்கு, ரெண்டுக்கும் நடுவுல இருந்த கருப்பு ரப்பர் பிஞ்சு தொங்குது. சீல் விலை என்ன, புது புல்லி விலை என்ன, அன்னைக்கு சாயங்காலம் நான் கணக்கே பாக்கல.

தப்பு புல்லர் மேல இல்ல. எந்த எடத்துல பிடிச்சு இழுக்கணும்னு பாக்காம கையில கெடைச்சத மாட்டுனது என் தப்பு. அதனால இதுல எந்த கம்பெனி புல்லர் நல்லதுங்கற பேச்ச கடைசில ரெண்டு வரியில முடிச்சுக்கிறேன், புல்லியோட மூஞ்சிய எப்படி படிக்கறதுங்கறதத்தான் விலாவாரியா சொல்லப் போறேன்.

முதல்ல அது ஒத்த சக்கரம் இல்லன்னு தெரிஞ்சுக்கங்க

இப்ப வர்ற கார்ல பாதிக்கு மேல கிராங்க் புல்லிங்கறது மூணு சாமான் சேந்தது. நடுவுல கிராங்க் முனையில ஏறி உக்கார்ற ஹப்பு, அத சுத்தி ஒரு ரப்பர் வளையம், அதுக்கு வெளிய பெல்ட் ஓடுற கனமான இரும்பு வளையம். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் கண்ணுக்கு தெரியாத அளவு முறுக்கி முறுக்கி விடும், அந்த அதிர்ச்சிய வாங்கிக்கத்தான் அந்த ரப்பரும் வெளி வளையமும். டேம்பர்னு சொல்றது இதத்தான். ரப்பர் முறுக்கத்த தாங்கும், முன்பக்கமா இழுத்தா தாங்காது, அதுக்காக செஞ்சதே இல்ல. ஆக வெளி வளையத்துல கால் மாட்டி இழுக்கற எந்த புல்லரா இருந்தாலும் வேண்டாம், அது எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் சரி.

ரப்பர் இல்லாத ஒத்த புல்லியும் சின்ன இஞ்சின்ல உண்டு. அதுலயும் விளிம்புல மாட்டுனா பெல்ட் ஓடுற வரி வரியான பள்ளம் நசுங்கும், நசுங்குன எடம் புது பெல்ட்ட வாரம் பத்து நாள்ல பிச்சு எடுத்துரும். இன்னொன்னு, சில இஞ்சின்ல புல்லிக்கு பின்னாடியே கிராங்க் சென்சாருக்கான பல் வளையம் இருக்கும், புல்லர் கால் அதுல பட்டு ஒரு பல் வளைஞ்சாலும் போதும், வண்டி ஸ்டார்ட் ஆகாம நின்னு வேடிக்கை காட்டும்.

புல்லரே தேவையா?

இத பாக்காமலே பல பேரு காச செலவழிக்கிறாய்ங்க. வீல கழட்டி, உள்பக்க பிளாஸ்டிக் மறைப்ப எடுத்துட்டு, டார்ச் அடிச்சு புல்லியோட மூஞ்சிய நேரா பாருங்க. நடு போல்ட்ட சுத்தி சின்ன சின்ன போல்ட் நாலோ அஞ்சோ இருக்கா? அப்படி இருந்தா புல்லி உள்ள இருக்கற ஹப்போட இல்ல டைமிங் பல்சக்கரத்தோட போல்ட் போட்டு நிக்குது, பழைய மாருதி டைமிங் பெல்ட் இஞ்சின் சிலது இப்படித்தான். சின்ன போல்ட்ட எடுத்தா புல்லி கையோட வந்துரும், துருவுல ஒட்டியிருந்தா மரச்சுத்தியால சுத்தி சுத்தி பைய தட்டுனா போதும்.

சின்ன போல்ட் இல்ல, நடுவுல ஒரே ஒரு பெரிய போல்ட்தான்னா ரெண்டு வழி. ஒன்னு கீ (புல்லி தனியா சுத்தாம கிராங்கோட பூட்டி வைக்கற சின்ன இரும்புத் துண்டு) போட்டு வழுக்கி ஏறுற மாதிரி, ஜப்பான் வழி வந்த இஞ்சின்ல நெறைய இது. நடு போல்ட்ட எடுத்ததும் ரெண்டு கையால இப்படி அப்படின்னு ஆட்டி இழுத்தா வரும், வருசக்கணக்கா கழட்டாம துருப்பிடிச்சு இருந்தாத்தான் அடம் பிடிக்கும். இன்னொன்னு இறுக்கமா அழுத்தி ஏத்துனது, கிராங்க விட ஹப்போட ஓட்டை மயிரிழை சின்னது, இது கையால வரவே வராது, இதுக்குத்தான் புல்லர்.

கீயே இல்லாத சாதியும் ஒன்னு இருக்கு, இத கவனமா படிங்க. ஃபோர்டு இஞ்சின் பலதுல புல்லியும் உள்ள டைமிங் பல்சக்கரமும் நடு போல்ட்டோட இறுக்கத்துல மட்டும் நிக்கும், நிறுத்தி வைக்க கீ கிடையாது. நடு போல்ட்ட லூஸ் பண்ண அந்த நிமிசமே டைமிங், அதாவது பிஸ்டனும் வால்வும் ஒன்னுக்கொன்னு ஒத்து ஓடுற கணக்கு, நகர ஆரம்பிச்சுரும். கிராங்கையும் கேமையும் (வால்வ தெறந்து மூடுற தண்டு) பூட்டி வைக்கற டைமிங் லாக் செட் கையில இல்லாம அந்த போல்ட்டுல ஸ்பேனரே வைக்காதீங்க. வால்வும் பிஸ்டனும் முட்டிக்கிச்சுன்னா அது ஆயில் சீல் வேலை இல்ல, இஞ்சின் வேலை.

மூஞ்சில என்ன தேடணும்

இறுக்கமா ஏத்துன புல்லிதான்னோ, துருவுல அடம் பிடிக்குதுன்னோ முடிவாயிருச்சுன்னா இப்ப ஹப்ப பாருங்க, ரப்பருக்கு உள்பக்கம் இருக்கற பகுதிய மட்டும்.

மரை போட்ட ஓட்டை ரெண்டோ மூணோ சம தூரத்துல இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம். கம்பெனியே புல்லர் மாட்டத்தான் அத விட்டு வச்சிருக்கு. டொயோட்டா புல்லிகள்ல எதிரெதிரா ரெண்டு எம்8 (8 எம்எம் தடிமன் போல்ட் ஏறுற) ஓட்டைய அடிக்கடி பாக்கலாம். சில சுசுகி இஞ்சினோட சர்வீஸ் மேனுவல்லயே புல்லி வர கஷ்டமா இருந்தா ஸ்டீயரிங் வீல் கழட்டுற புல்லர வச்சு இழுக்கத்தான் சொல்லியிருக்கான். இதுக்கு வாங்க வேண்டியது போல்ட் வகை புல்லர், கடையில ஸ்டீயரிங் வீல் புல்லர்னோ டேம்பர் புல்லர்னோ கேளுங்க. ஒரு தடிமனான தகடு, அதுல நீளவாக்குல வெட்டுன ஓட்டை, நடுவுல ஒரு பெரிய ஸ்க்ரூ, கூட ரெண்டு மூணு நீள போல்ட், அவ்வளவுதான் அது.

மரை ஓட்டை இல்ல, ஆனா ஹப்புக்கும் வெளி வளையத்துக்கும் நடுவுல சைக்கிள் ஆரம் மாதிரி மூணு கை, கைக்கு நடுவுல திறப்பு இருக்குன்னா, அந்த கைக்கு பின்னாடி கொக்கி போடுற மூணு கால் புல்லர் வேணும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு: சாதா பேரிங் புல்லரோட கால் முனை தடியா இருக்கும், அந்த திறப்புக்குள்ள நொழையாது, நொழைஞ்சாலும் பின்பக்கம் திரும்பி மாட்ட எடம் இருக்காது. கால் முனை ஒல்லியா, குட்டையா இருக்கற டேம்பர் புல்லர்தான் இதுக்கு சரி.

நடுவுல ஆறு பட்டை போட்ட பெரிய பள்ளம் தெரிஞ்சா அது இழுக்கறதுக்கு இல்ல, ஏமாந்துராதீங்க. ஹோண்டா இஞ்சின் நெறையத்துல 50 எம்எம் ஆறு பட்டை பள்ளம் இருக்கும், நடு போல்ட்ட கழட்டும்போது புல்லி சுத்தாம பிடிச்சுக்க ஹோல்டர் சொருகற எடம் அது.

ஓட்டையும் இல்ல, கையும் இல்ல, வெறும் வட்டம்னா, ஹப்புக்கு பின்னாடி ரெண்டு துண்டா பிரிஞ்சு மாட்டுற பேரிங் செப்பரேட்டர் நொழைய எடம் இருக்கான்னு பாக்கணும். எடமும் இல்லைன்னா ஒரு நல்ல லேத் பட்டறைய கூப்புடுங்க, நீங்களா சுத்தியல எடுக்காதீங்க.

அளவு எடுக்கறது: ஈர்க்குச்சியும் பென்சிலும்

கடைக்காரர்ட்ட போயி இன்ன கார் புல்லர் குடுங்கன்னு கேட்டா அவரு குடுக்கறத குடுப்பாரு. அளவோட போங்க. நான் இப்ப செய்யறது இதுதான், ஒரு வெள்ளக் காகிதத்த ஹப் மேல அழுத்தி வச்சு பென்சில படுக்க வச்சு தேய்ப்பேன், காசு மேல காகிதம் வச்சு சின்னப் பிள்ளையில தேய்ப்போம்ல அதே மாதிரி, ஓட்டை எல்லாம் அப்படியே பதிஞ்சு வந்துரும், நடுவுக்கும் ஓட்டைக்கும் எவ்வளவு தூரம்னு அதுல அளந்துக்கலாம். அந்த காகிதத்த தகட்டு மேல வச்சு பாத்தா பொருந்துமா பொருந்தாதான்னு கடையிலயே தெரிஞ்சுரும்.

அடுத்தது ஓட்டையோட ஆழம். வெளக்கமாத்துல ஒரு ஈர்க்குச்சிய உருவி ஓட்டைக்குள்ள விட்டு நகத்தால அடையாளம் வச்சு அளங்க. குச்சி தட்டாம போயிக்கிட்டே இருந்தா அது ஊடு ஓட்டை, அதாவது பின்னாடி தெறந்திருக்கு, பின்னாடி என்ன இருக்கு? அலுமினிய டைமிங் கவர். நீள போல்ட்ட போட்டு முழுசா முறுக்குனா போல்ட் முனை ஹப்ப தாண்டி கவர்ல குத்தி விரிசல் விட்டுரும், புல்லி கழண்டு வந்தப்புறம்தான் அது உங்களுக்கே தெரியும். ஹப் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் போல்ட் உள்ள போகணும். அதே சமயம் கம்மியாவும் போகக்கூடாது, எம்8 போல்ட்னா 10 முதல் 12 எம்எம் மரை பிடிச்சிருக்கணும், ரெண்டு சுத்து பிடிச்சதும் இழுக்க ஆரம்பிச்சா மரை மொத்தமா உருவிக்கிட்டு வந்துரும்.

மூணாவது, புல்லிக்கும் எதிர்ல இருக்கற பாடி சுவருக்கும் நடுவுல எவ்வளவு எடம். முன்சக்கர டிரைவ் கார்ல பெரும்பாலும் இஞ்சின் குறுக்க படுத்திருக்கும், கை நொழையறதே பெரிய பாடு. தகடு, ஸ்க்ரூ, ஸ்க்ரூ தலையில ஸ்பேனர், எல்லாம் அந்த எடத்துக்குள்ள அடங்கணும். நீள ஸ்க்ரூ புல்லர வாங்கிட்டு வந்து மாட்டவே முடியாம திருப்பிக் குடுக்க போனவன் நான். எடம் ரொம்ப கம்மின்னா இஞ்சின் மவுண்ட கழட்டி ஜாக்கியில கொஞ்சம் எறக்க வேண்டி வரும், அத விட குட்டை ஸ்க்ரூ புல்லர் தேடுறது சுலபம்.

இஞ்ச் போல்ட் பண்ற வேலை

இது தனியா சொல்ல வேண்டிய விசயம், ஏன்னா ரெண்டாவது தடவை நான் மாட்டுனது இதுல. டப்பா செட்டா வர்ற புல்லர்ல எட்டு பத்து போல்ட் குடுப்பாய்ங்க, அதுல பாதி அமெரிக்க கணக்கு இஞ்ச் போல்ட். 5/16 இஞ்ச் போல்ட்டோட தடிமன் 7.94 எம்எம், எம்8 பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கண்ணால பிரிக்க முடியாது. மரை மட்டும் வேற. எம்8ல ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.25 எம்எம், 5/16 கரடு மரையில 1.41. கையால திருகுனா ஒன்னு ஒன்னரை சுத்து ஜோரா போகும், அப்புறம் இறுகும், நாம துருன்னு நெனச்சு ஸ்பேனர போடுவோம், முடிஞ்சது கதை, ஹப்போட மரை போச்சு.

சிம்மக்கல் பக்கம் ஒரு லேத்துல அந்த ஹப்ப காட்டி மரை திரும்ப ஓட்டித் தர முடியுமான்னு கேட்டேன். அந்தண்ணே ரெண்டு விரல்ல போல்ட்ட பிடிச்சு சுத்திப் பாத்துட்டு சொன்னாரு, "தம்பி, கையில போற மரைக்கு ஸ்பேனர் எதுக்கு, ஸ்பேனர் கேக்குற மரைய கையில தொடவே கூடாது." அதுலருந்து எந்த போல்ட்டா இருந்தாலும் விரலாலயே ஆறு சுத்து போகலைன்னா வெளிய எடுத்துருவேன். எம்8 சந்தேகம்னா வீட்டுல இருக்கற நல்ல எம்8 நட்டுல அந்த போல்ட்ட முதல்ல ஏத்திப் பாருங்க, அரை நிமிச வேலை.

போல்ட் தலையில என்ன எழுதியிருக்குன்னும் பாக்கணும். 8.8னு பொறிச்சிருந்தா வாங்கலாம், 10.9 இருந்தா இன்னும் நல்லது, தலை மொட்டையா இருந்தா தொடாதீங்க. எம்8 போல்ட் 8.8 தரத்துல கிட்டத்தட்ட 2.3 டன் இழுப்புக்கு மேலதான் நீள ஆரம்பிக்கும், எம்6 அதே தரத்துல 1.3 டன்தான். 4.8 தரம்னா அதுலயும் பாதி. நடு ஸ்க்ரூவ ஒரு அடி ஸ்பேனர்ல முறுக்குனாலே டன் கணக்குல இழுப்பு வந்துரும், அதனால ஓட்டை எம்6ஆ இருந்தா கைய அடக்கி முறுக்குங்க, மூணு ஓட்டை இருந்தா மூணுலயும் போல்ட் போடுங்க, சோம்பேறித்தனப்பட்டு ரெண்டோட நிறுத்தாதீங்க. ஹப்புக்குள்ள ஒடைஞ்ச போல்ட்ட எடுக்கறது தனி நரகம்.

ஸ்க்ரூ முனை எதுல போய் முட்டுது

புல்லர் செட்ட வாங்கும்போது எல்லாரும் தகட்ட பாப்பாய்ங்க, நான் முதல்ல பாக்கறது ஸ்க்ரூ முனைக்கு வைக்கற தொப்பி, குண்டு, கம்பி எல்லாம் கூட இருக்கான்னு. கிராங்க் முனையில நடு போல்ட்டுக்கான மரை ஓட்டை இருக்கு. புல்லர் ஸ்க்ரூ அந்த ஓட்டைய விட சின்னதா இருந்தா உள்ள நொழைஞ்சு மரைய நசுக்கும். கிராங்க் மரை போனா புது கிராங்க் இல்ல இஞ்சின பிரிச்சு லேத் வேலை. அதனால ஓட்டைய மூடி கிராங்க் விளிம்புல உக்கார்ற மாதிரி படி வெட்டுன ஒரு இரும்பு தொப்பி கட்டாயம். செட்டுல இல்லைன்னா லேத்துல சொன்னா கடைஞ்சு குடுத்துருவாங்க, கிராங்க் ஓட்டைக்குள்ள லூசா போற மாதிரி ஒரு கழுத்து, மேல அகலமா தலை, தலை நடுவுல ஸ்க்ரூ முனை நிக்க ஒரு சின்ன குழி. தலையோட அகலம் ஹப்போட உள் ஓட்டைய விட சின்னதா இருக்கணும், இல்லாட்டி புல்லி வெளிய வரும்போது அதுலயே தட்டி நிக்கும்.

பழைய நடு போல்ட்டையே வாசர் இல்லாம திரும்ப உள்ள போட்டு அது தலையில ஸ்க்ரூவ முட்ட வைக்கறவங்களும் உண்டு. அவசரத்துக்கு பரவால்ல, ஆனா குறைஞ்சது பத்து சுத்தாவது உள்ள போயிருக்கணும், அந்த போல்ட்ட திரும்ப வண்டிக்கு போடக்கூடாது.

மாட்டி இழுக்கறது

பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க, வண்டிய ஜாக்கியில மட்டும் நம்பி விடாம ஸ்டாண்ட் குடுங்க, சித்திரை வெயில்ல தாருல ஸ்டாண்ட் காலு எறங்கும், அடியில ஒரு பலகை வைங்க. நடு போல்ட் சில இஞ்சின்ல 200 நியூட்டன் மீட்டருக்கு மேல முறுக்கியிருக்கும், கியர் வண்டின்னா அஞ்சாவது கியர்ல போட்டு ஒருத்தர பிரேக் மிதிக்க சொல்லி கழட்டலாம், இல்ல இம்பாக்ட் கன் (தட்டித் தட்டி போல்ட்ட திருகுற மெஷின்). போல்ட்டுல ஸ்பேனர மாட்டி வச்சு ஸ்டார்ட்டர் அடிச்சு கழட்டுற வித்தைய யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு நகந்துருங்க.

தகட்ட மாட்டி போல்ட் எல்லாத்தையும் சம நீளத்துக்கு ஏத்தணும். தகடு புல்லி மூஞ்சிக்கு இணையா நிக்கணும், ஸ்கேல ரெண்டு பக்கமும் வச்சு அளந்து பாருங்க, 1 எம்எம் வித்தியாசம் இருந்தாக்கூட ஸ்க்ரூ கோணலா போகும், ஹப் கடிச்சுக்கும். ஸ்க்ரூ மரையில கிரீஸ் தாராளமா. கை ஸ்பேனர் மட்டும்தான், இங்க இம்பாக்ட் கன் வேண்டாம், கையில வர்ற இறுக்கம்தான் நமக்கு சேதி சொல்லும். நல்லா இறுகி நின்னுருச்சுன்னா இன்னும் பலத்த போடாம டபிள்யூடி-40 அடிச்சு அப்படியே விட்டுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, பல தடவை நான் திரும்பி வர்றதுக்குள்ள அதுவே ஒரு நூல் நகந்திருக்கும். கேஸ் வெல்டிங் வச்சு சூடு காட்டாதீங்க, ரப்பர் போயிரும், சீலும் போயிரும். நெம்புகோல டைமிங் கவர்ல ஊனி நெம்புறதும் வேண்டாம். ஸ்க்ரூவுக்கு நேரா மூஞ்சிய வைக்காதீங்க, கண்ணாடி போட்டுக்கங்க.

வாங்கறதா, செய்யறதா, கடன் கேக்கறதா

ஒரே ஒரு தடவைக்குன்னா தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்புல கேளுங்க, குடுப்பாங்க, கிரீஸ் தொடச்சு திருப்பிக் குடுத்தா அடுத்த தடவையும் குடுப்பாங்க. உங்க வண்டி ஓட்டை அளவு வினோதமா இருந்தா அந்த பென்சில் காகிதத்தோட லேத்துக்கு போயி 12 எம்எம் தகட்டுல செஞ்சுக்கறது டப்பா செட்ட விட உருப்படி, கப்பலூர், புதூர் பக்கமெல்லாம் பட்டறைக்கா பஞ்சம். வாங்குறதுன்னா ஸ்க்ரூ மரை நுனி வரைக்கும் சொரசொரப்பு இல்லாம இருக்கா, தகடு வார்ப்பா இல்ல அடிச்ச இரும்பான்னு பாருங்க, எட்டு வகை கால் இருக்கறதுக்காக கூட காசு குடுக்காதீங்க. ஹைட்ராலிக் புல்லர் லாரிக்கும் ஜேசிபிக்கும், காருக்கு அது ஆடம்பரம்.

கழண்டு வந்தப்புறம்

ஹப்போட கழுத்துல சீல் உரசுன எடத்த நகத்தால தடவிப் பாருங்க. நகம் தட்டுற அளவு பள்ளம் விழுந்திருந்தா புது சீல் போட்டாலும் ஒழுகும், ஸ்லீவ் (பள்ளத்து மேல ஏத்துற மெல்லிய உலோக உறை) போடணும் இல்ல ஹப்ப மாத்தணும். திரும்ப ஏத்தும்போது சுத்தியல் கூடவே கூடாது, அடி முழுக்க, கிராங்க் முன்ன பின்ன நகராம பிடிக்கற த்ரஸ்ட் பேரிங்குக்கு போகும். நடு போல்ட்டையே திருகி ஏத்துறதும் வேண்டாம், ஆரம்பத்துல நாலு மரைதான் பிடிச்சிருக்கும், உருவிரும். கிராங்க் மரைக்குள்ள ஆழமா போற நீள கம்பி, அதுல ஒரு நட்டு, நடுவுல பேரிங் வாசர், அத வச்சு அழுத்தி ஏத்துங்க. புல்லர் செட்டோடயே ஏத்துற கம்பியும் வந்தா அத எடுக்கறதுக்கு இதுதான் காரணம். நடு போல்ட் கோணம் கணக்கு வச்சு முறுக்குற வகையா இருந்தா புதுசு போடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் வெள்ள பெயிண்ட் மார்க்கர்ல ஹப்புலருந்து ரப்பர் வழியா வெளி வளையம் வரைக்கும் ஒரே நேர்கோடா இழுத்து விட்டுருங்க. ஒரு வாரம் ஓட்டிட்டு மறுபடி டார்ச் அடிச்சு பாருங்க, கோடு நேரா இருந்தா ரப்பர் பிடிச்சிருக்கு, வெளி வளையத்துல கோடு தள்ளிப் போயிருந்தா அந்த புல்லி உள்ளுக்குள்ள ஏற்கனவே பிஞ்சிருக்கு, புதுசு சொல்லி வச்சுருங்க.